ஆட்டக்காரியின் தொழில்: ஜோதிலட்சுமியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நடிகை ஜோதிலட்சுமி 2016 ஆகஸ்டில் சென்னையில் இறந்துபோனார். 'கவர்ச்சி' என்ற அடைமொழியை ஒட்டாமல் அந்தச் செய்தியை அச்சிடப் பெரும்பாலான பத்திரிகைகளால் முடியவில்லை. நம் சிறுபத்திரிகைகளோ, நான் பார்த்த வரையில், அவரைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இந்த மௌனத்தைத்தான் இங்கே விவாதத்திற்கு எடுத்துக்கொள்கிறேன்.

சில்க் ஸ்மிதா 1996 செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டபோது நாம் இப்படி இருக்கவில்லை. கவிதைகள் வந்தன. கட்டுரைகள் வந்தன. உடல், வேட்கை, ஆணாதிக்கம், நுகர்வு என்று அன்றைக்குப் புதிதாகக் கைக்கு வந்திருந்த எல்லாச் சொற்களையும் அவர் மேல் வைத்துப் பார்த்தோம். 2011இல் இந்திக்காரர்கள் அந்த வாழ்க்கையைத் தழுவியது என்று சொல்லப்பட்ட 'தி டர்ட்டி பிக்சர்' படத்தை எடுத்தபோது மறுபடியும் எழுதினோம். இவை தேவையில்லாதவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். சில்க் பற்றிய எழுத்து அனைத்திலும் அவருடைய மரணம்தான் மையம். அந்த மரணத்தை எடுத்துவிட்டால் நம்மிடம் அவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவு மிஞ்சும்?

ஜோதிலட்சுமி அப்படிச் சாகவில்லை. 1963இல் சினிமாவுக்கு வந்தவர். ஐம்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். கதைப் பாத்திரம், கிளப் டான்ஸ், தெலுங்குச் சண்டைப் படம், ஒற்றைப் பாட்டு, கடைசியில் டிவி சீரியல் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். அறுபது வயதைத் தாண்டி, நோய்வாய்ப்பட்டு இறந்தார். இதில் சோகக் காவியம் இல்லை. ஆகவே நமக்கு அவர் தேவைப்படவில்லை. ஆட்டக்காரிக்கு ஒரு 'விதி'யைக் கொடுக்க நாம் தயார், 'துயர'த்தைக் கொடுக்கத் தயார். ஒரு தொழிலைக் கொடுக்க மட்டும் நமக்கு மனசு வரவில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். மற்றவை இதற்கான விளக்கங்கள்.

2

முதலில் அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

ஜோதிலட்சுமி அந்தக் கால நடிகை எஸ்.பி.எல். தனலட்சுமியின் வீட்டில் வளர்ந்தவர். தனலட்சுமியின் உறவுக்காரர்தான் 'ஹரிதாஸ்' (1944), 'சந்திரலேகா' (1948) படங்களின் டி.ஆர். ராஜகுமாரி. ராஜகுமாரியின் தம்பி டி.ஆர். ராமண்ணா இயக்கிய 'பெரிய இடத்துப் பெண்' (1963) மூலம் ஜோதிலட்சுமி தமிழில் தெரிய வந்தார். அதே 1963இல் வெளிவந்த 'வானம்பாடி'யோடு ராஜகுமாரி சினிமாவை விட்டு விலகிக்கொண்டார். ஒரு குடும்பத்தில் மூத்தவர் இறங்கிய வருஷத்தில் இளையவர் ஏறினார் என்பதைத் தற்செயலாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது ஒரு தொழிற்குடும்பம் என்பது தற்செயல் அல்ல. ஆடவும் பாடவும் தெரிந்த பெண்கள், அந்தத் தெரிதலை வைத்தே வீட்டை நடத்தியவர்கள். பின்னால் தங்கை ஜெயமாலினியும் வந்தார். 'ஜெகன்மோகினி' (1978) வந்த பிறகு தென்னிந்தியா முழுக்க அவர் பெயர் தெரிந்தது.

1965இல் மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி ஏ. வின்சென்ட் இயக்கிய 'முறப்பெண்ணு' வந்தது. ஒரு நாயர் குடும்பத்தின் கதை. அதில் பிரேம் நசீர், மது, சாரதா ஆகியோருடன் ஜோதிலட்சுமியும் நடித்திருந்தார். அதாவது 'நடிக்கத் தெரியாததால் ஆட வந்தவர்' என்ற வழக்கமான விளக்கம் இவருக்குப் பொருந்தாது. ஆனால் சந்தை அவருக்கு ஒதுக்கிய இடம் வேறு. 'அடிமைப் பெண்' (1969) மாதிரியான பெரிய படங்களில் அவர் இருந்தார். எழுபதுகளில் தெலுங்கில் 'பிஸ்டல்வாலி' போன்ற படங்களில் துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டார். ஆயினும் பொதுப்புத்தியில் நிலைத்தது கிளப் டான்ஸ்தான்.

கிளப் டான்ஸ் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு ரெவ்யூ மேடையும் காபரேயும் நம் ஊருக்கு நேரடியாக வரவில்லை. பம்பாய், கல்கத்தா, சென்னை ஓட்டல்களில் கொஞ்சம் இருந்தது. தமிழ் ஜனங்களுக்கு அதைக் கொண்டுவந்து காட்டியது சினிமா. கடத்தல்காரனின் குகை, பாட்டில்கள், சுழல் விளக்கு, நடுவில் ஒரு பெண். தர்மபுரி மாவட்டத்தில் கொட்டகை மணலில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயக் கூலிக்கு நட்சத்திர ஓட்டல் என்றால் அதுதான். பணக்காரர்கள் ராத்திரியில் என்ன செய்கிறார்கள் என்பதை அவனுக்குக் காட்டி, 'இது கெட்டது' என்றும் சொல்லி, நாலு நிமிஷம் அதை ரசிக்கவும் விட்டது அந்தப் பாட்டு. நாயகன் அங்கே மாறுவேஷத்தில் இருப்பான். அவன் பார்ப்பான், ஆனால் பார்க்காதவன் மாதிரி இருப்பான். பார்வையாளனும் அதையே கற்றுக்கொண்டான்.

இந்தக் காட்சியில் ஒரு கணக்கு இருக்கிறது. பல படங்களில் இதே கிளப்பில், இதே உடையில், கதாநாயகியும் ஒருமுறை ஆடுவாள். நாயகனைக் காப்பாற்ற, அல்லது வில்லனிடமிருந்து ஒரு ரகசியத்தைக் கறக்க. அப்போது ஜனங்கள் கண் கலங்குவார்கள். அதே அசைவுகள்தான், அதே கேமரா கோணம்தான். ஒரு ராத்திரி ஆடினால் அது தியாகம். தினமும் ஆடினால் அது தொழில், ஆகவே அவள் கெட்டவள். தமிழ் சினிமாவின் ஒழுக்கவியல் ஆட்டத்தைத் தண்டிக்கவில்லை. ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குவதைத்தான் தண்டித்தது.

இதற்கு ஒரு எதிர்ச்சாட்சியும் உண்டு: எல்.ஆர். ஈஸ்வரி. அறுபது எழுபதுகளின் கிளப் டான்ஸ் பாட்டுகளில் பெரும்பங்கு அவருடைய குரல்தான். உடல் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பிறகு என்ன நடந்தது? ஈஸ்வரி அம்மன் பாட்டுகள் பாடினார். ஆடி மாசம் பிறந்தால் பாலக்கோட்டைச் சுற்றியுள்ள எந்த மாரியம்மன் கோயிலின் குழாய் ரேடியோவிலும் அந்தக் குரல் கேட்கும். கூழ் ஊற்றும் பெண்கள் அதைக் கேட்டுச் சாமியாடுகிறார்கள். குகையில் ஒலித்த குரல் கருவறைக்குப் போய்விட்டது. யாரும் தடுக்கவில்லை, நல்லதுதான். ஆனால் அந்தக் குரலுக்கு உதட்டையும் இடுப்பையும் கொடுத்த பெண் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. குரலுக்குத் தீட்டு இல்லை, உடம்புக்கு உண்டு. பார்ப்பனியத்தை விமர்சிப்பவர்கள் கோயில் நுழைவைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இந்த நுழைவு மறுப்பையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தொண்ணூறுகளில் இந்தத் தொழில் சரிந்தது. ஒழுக்கவாதிகள் ஜெயித்ததால் அல்ல. கதாநாயகிகளே அந்த ஆட்டத்தையும் ஆட ஆரம்பித்தார்கள். தயாரிப்பாளருக்கு ஒரு சம்பளம் மிச்சம். இரண்டு பேர் செய்த வேலை ஒருவர் தலையில் வந்தது, அவ்வளவுதான். எந்த ஆலைத் தொழிலாளிக்கும் புரியக்கூடிய ஆள்குறைப்பு இது. ஆனால் இதை ஆள்குறைப்பு என்று எழுதிய விமர்சனம் எதையும் நான் படித்ததில்லை. 'ரசனை மாறிவிட்டது' என்றோம். 1999இல் பாலாவின் 'சேது'வில் ஜோதிலட்சுமி ஒரு பாட்டுக்கு வந்து ஆடினார். அந்த வயதில் அப்படி ஓர் ஆட்டம் என்று வியந்தவர்கள் உண்டு. வேலை தெரிந்தவர் வேலை கிடைத்ததும் செய்தார் என்பதற்கு மேல் அதில் வியக்க ஒன்றுமில்லை.

3

இப்போது சினிமாவை விட்டு இறங்கி எங்கள் ஊர்ப் பக்கம் வருவோம். ஏனென்றால் கிளப் டான்ஸ் செத்த பிறகு அது எங்கே போனது என்றால், இங்கேதான் வந்தது.

பாலக்கோடு வட்டாரத்தில் ஊர்த் திருவிழா என்றால் ராத்திரிக்கு இரண்டு வகை ஆட்டம் உண்டு. ஒன்று தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். இன்னொன்று நாங்கள் ரிக்கார்டு டான்ஸ் என்று சொல்வது. போஸ்டரில் 'ஆடல் பாடல் நிகழ்ச்சி' என்று போடுவார்கள். சினிமாப் பாட்டை ஓடவிட்டு, அந்தப் பாட்டில் வரும் நடிகை மாதிரியே உடுத்தி ஒரு பெண் ஆடுவாள். எம்.ஜி.ஆர், ரஜினி வேஷத்தில் ஆண்கள் வருவார்கள். இடையிடையே கோமாளி பேசுவான். இதுதான் நம்முடைய ரெவ்யூ மேடை. கதை கிடையாது. பாட்டு, ஆட்டம், நையாண்டி, மறுபடி பாட்டு.

கூத்தை நாம் கலை என்கிறோம். அதற்குப் பட்டறை நடத்துகிறோம், ஆய்வு செய்கிறோம், விருது தருகிறோம். சரியானதுதான். ஆனால் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டியங்காரன் பேசுகிற பேச்சில் பாதியை அச்சில் போட முடியாது. அதை 'நாட்டார் எள்ளல்', 'திருவிழாத் தன்மை' என்று நாம் கோட்பாடாக்கினோம். பக்தினை அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தோம். அதே பேச்சை ரிக்கார்டு டான்ஸ் கோமாளி பேசினால் 'இரட்டை அர்த்த வசனம்', 'சீரழிவுக் கலாச்சாரம்'. என்னய்யா வித்தியாசம்? கூத்தில் பெண் வேஷம் கட்டுவது பெரும்பாலும் ஆண். இங்கே ஆடுவது பெண். பெண்ணே மேடையில் நின்றவுடன் நம் நாட்டார் கோட்பாடு காலாவதியாகிவிடுகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்துத் திருவிழாவில் ஆட வந்திருந்த ஒரு பெண்ணிடம், நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் பேச முடிந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஜோதிலட்சுமி தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"பேரு கேட்டிருக்கேன் சார். எங்க ட்ரூப்புல அவங்க பாட்டு எடுக்கறது இல்ல. எங்கம்மாவுக்குத் தெரியும். அம்மாவும் இதே வேலதான் பாத்தாங்க."

"கஷ்டமான வேலை இல்லையா?"

"ஆடறது கஷ்டம் இல்ல சார். ஆடறது நாலு நிமிசம். கூட்டத்தப் புடிச்சு வெக்கறதுதான் வேல. எவன் மேடையில ஏறுவான், எவன் கைய நீட்டுவான்னு கண்ணு பாத்துக்கிட்டே இருக்கணும். சிரிச்சிக்கிட்டே பாக்கணும்."

"காசு ஒழுங்கா வருதா?"

"ஊர்க்காரங்க ஏஜெண்டுகிட்ட பேசறது ஒன்னு. எங்க கைக்கு வர்றது ஒன்னு. போலீசு சீக்கிரம் நிறுத்தச் சொல்லிட்டா அதுலயும் பாதி."

'சிரிச்சிக்கிட்டே பாக்கணும்' என்பதை நம் கோட்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டும். 1975இல் லாரா மல்வி எழுதிய கட்டுரை வழியாக 'ஆண் பார்வை' என்ற கருத்து நமக்கு வந்து சேர்ந்தது. திரையில் பெண் பார்க்கப்படுபவள், ஆண் பார்ப்பவன். பெண்ணின் தோற்றம் கதையின் ஓட்டத்தை நிறுத்திவைத்துப் பார்வைக்கு இடம் கொடுக்கிறது என்றார் அவர். சினிமாவுக்கு இது பெரிய திறப்பு. ஆனால் திருவிழா மேடையில் நிற்பவள் பார்க்கப்படுபவள் மட்டுமல்ல. அந்த மைதானத்தில் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருப்பவளே அவள்தான். ஆயிரம் பேரைக் கண்ணால் அளந்து, ஆபத்து எந்த மூலையில் இருக்கிறது என்று கணித்து, அதை முகத்தில் காட்டாமல் ஆடுகிறாள். இது திறமை. பல வருஷம் பழகினால்தான் வரும்.

கூட்டமும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. முன்வரிசையில் பையன்கள் இருப்பது உண்மை. கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூர் போனவர்கள், திருவிழாவுக்கு ரயிலேறி வந்தவர்கள். தக்காளி மண்டியில் மூட்டை ஏற்றுபவர்கள். ஆனால் பக்கவாட்டில், டிராக்டர் டிரெய்லர் மேலும் மாடி விளிம்பிலும் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி வரை எழுந்து போவதில்லை. ஜாக்கெட் தையலைப் பற்றிப் பேசுகிறார்கள். 'அவ புருசன் எங்க இருப்பான்' என்கிறார்கள். 'நல்லா ஆடறாடி' என்கிறார்கள். பொறாமை, பரிதாபம், மதிப்பு எல்லாம் கலந்து கிடக்கிறது அந்தப் பேச்சில். ஆபாச எதிர்ப்பு அறிக்கைகளில் இந்தப் பெண்கள் 'நம் தாய்மார்கள் முகம் சுளிக்கிறார்கள்' என்ற ஒற்றை வரியாகச் சுருக்கப்படுகிறார்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் மேடையைப் போலீஸ் கையில் கொடுத்திருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றார். நாடகக்காரர்களுக்கு அது பெரிய விடுதலை. நாமும் கொண்டாடினோம். ஆனால் ஆடல் பாடலுக்கு இன்றும் ஊர்க்காரர்கள் காவல் நிலையத்துக்கு மனு கொடுத்து, மறுக்கப்பட்டு, உயர்நீதிமன்றம் வரை போய் அனுமதி வாங்குவது வாடிக்கை. அனுமதியோடு நிபந்தனைகளும் வரும். உடை ஆபாசமாக இருக்கக்கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது, சாதி, கட்சிப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். சாதிப் பாட்டு கூடாது என்பதன் நியாயம் தர்மபுரி மாவட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2012 நவம்பரில் நத்தம் காலனியில் வீடுகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் மற்ற நிபந்தனைகளைப் பாருங்கள். ஆடுகிறவளுக்குக் குடிநீர், உடை மாற்ற ஒரு மறைவிடம், பேசிய கூலி, திரும்பிப் போக வண்டி என்று நிபந்தனை போட்டால் என்ன? பொது ஒழுக்கத்தைக் காப்பாற்றும் நிபந்தனை நிறைய உண்டு. ஆட்டக்காரியைக் காப்பாற்றும் நிபந்தனையை நான் பார்த்ததில்லை. சீக்கிரம் முடிக்கச் சொல்லும் உத்தரவு அவள் கூலியில் பாதியைத் தின்கிறது என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது.

4

மூன்றாவது இடம் வீட்டுக்கூடம். அதாவது டிவி.

சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கியது. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்த பிறகு, பாலக்கோட்டில் கரும்பு வெட்டும் கூலி வீட்டிலும் டிவி வந்தது. அதே 2006இல் விஜய் டிவியில் 'ஜோடி நம்பர் ஒன்', 2007இல் தொடங்கிய கலைஞர் டிவியில் 'மானாட மயிலாட'. நடன இயக்குநர் கலா நடத்தியது. குகையில் ஆடிய ஆட்டம், மைதானத்தில் ஆடிய ஆட்டம், இப்போது சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற குடும்ப ஆட்டமானது. எந்தப் பாட்டுக்காக ஆடல் பாடல் குழு மேல் புகார் எழுதினார்களோ அந்தப் பாட்டுக்கே டிவியில் மதிப்பெண் போட்டார்கள். 'கெமிஸ்ட்ரி' என்ற பள்ளிக்கூடச் சொல்லுக்குப் புது அர்த்தம் பிறந்தது.

யார் ஆடினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சீரியல் நடிகைகள், நடிகர்கள். வாரம் முழுக்கக் குங்குமம் வைத்துக்கொண்டு மாமியாரிடம் திட்டு வாங்குபவர், வாரக் கடைசியில் வந்து ஆடுகிறார். பழைய கதாநாயகிக் கணக்குதான் இது. என்றைக்கோ ஒருநாள் ஆடுபவளுக்குக் கைதட்டல். ரிக்கார்டு டான்ஸ் ஆடி வயிறு வளர்க்கும் பெண்களுக்கு அந்த மேடையில் ஆடவும் இடம் கிடைக்கவில்லை, தீர்ப்புச் சொல்லும் நாற்காலியும் கிடைக்கவில்லை.

ஜோதிலட்சுமி டிவிக்கு வந்தது எதிர்த் திசையில். சன் டிவியின் 'வள்ளி' தொடரில் நடித்தார். சீரியல் நடிகைகள் ஆட்டத்துக்குப் போன காலத்தில் ஆட்டக்காரி சீரியலுக்கு வந்தார். சேலை கட்டிய வயதான பெண்ணாக. அவரை அடையாளம் கண்டு, "இந்தம்மா அந்தக் காலத்துல என்னா ஆட்டம் ஆடும் தெரியுமா" என்று பேத்திகளிடம் சொன்ன கிழவிகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அந்தக் குரலில் இருந்தது ஏளனம் அல்ல. ஊர்க்காரி ஒருத்தியை நினைத்துக்கொள்கிற குரல் அது. விமர்சகர்கள் எழுதாத தொழில் வரலாற்றை அந்தக் கிழவிகள் ஒரு வாக்கியத்தில் வைத்திருந்தார்கள்.

டிவி ஜோதிலட்சுமிக்கு மறுவாழ்வு கொடுத்தது என்று சொல்வது சுலபம். டிவி அவருக்கு வேலை கொடுத்தது. ஆடாமல் இருந்தால் கொடுக்கும் வேலை. ராஜகுமாரி, ஜோதிலட்சுமி, சில்க் என எல்லோருடைய ஆட்டமும் நள்ளிரவுப் பாட்டு நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. அந்த ஒளிபரப்புக்கு ஆடியவர்கள் யாருக்கும் ஒரு காசும் போவதாக ஏற்பாடு இல்லை. எழுதியவருக்கும் பாடியவருக்கும் ராயல்டி வேண்டும் என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்தினார்கள். ஆடியவளைப் பற்றி அப்போது யார் பேசினார்கள்?

இதைவிட மோசமான ஒன்று 2015இல் நடந்தது. தெலுங்கில் புரி ஜெகன்னாத் ஒரு படம் எடுத்தார். பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணின் கதை. படத்தின் பெயரும் அந்தப் பாத்திரத்தின் பெயரும் 'ஜோதிலட்சுமி'. இவருடைய கதை அல்ல அது, மல்லாதி வெங்கட கிருஷ்ணமூர்த்தியின் ஒரு நாவலை வைத்து எடுத்தது. நாவலின் பெயரும் வேறு. அப்படியானால் இந்தப் பெயர் ஏன்? ஏனென்றால் அந்தப் பெயரைச் சொன்னால் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் 'அந்த மாதிரிப் பெண்' என்று புரியும். ஒரு பெண் அரை நூற்றாண்டு உழைத்துச் சம்பாதித்த பெயர், அவர் உயிரோடு இருக்கும்போதே பொதுப்பெயராகிவிட்டது. வேறு எந்தத் தொழிலில் இது நடக்கும்? புகழ்பெற்ற டாக்டர் பெயரை எந்தப் போலி டாக்டர் பாத்திரத்துக்காவது வைப்பார்களா?

5

வெளியூரிலும் கதை பெரிதாக வேறில்லை. ஜோசஃபின் பேக்கர் 1925இல் பாரிஸ் ரெவ்யூ மேடையில் ஆடி உலகப் புகழ் பெற்ற கறுப்பினப் பெண். 1975 ஏப்ரலில், மேடையில் தன் கடைசி நிகழ்ச்சித் தொடரை நடத்திக்கொண்டிருந்த வாரத்திலேயே இறந்தார். ஐம்பது வருஷத் தொழில். 2021 நவம்பரில் பிரான்ஸ் அவரைத் தேசத்தின் மாமனிதர்கள் துயிலும் பாந்தியனில் சேர்த்தது. நாஜிகளுக்கு எதிரான ரகசியப் பணி, இனவெறி எதிர்ப்பு ஆகியவை முன்னே வைக்கப்பட்டன. எல்லாம் உண்மை, எல்லாம் பெருமைக்குரியவை. ஆனாலும் கேட்கிறேன்: வெறும் ஆட்டக்காரியாக மட்டும் இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா? ஆட்டத்தை மன்னிக்க இன்னொரு சான்றிதழ் தேவைப்படுகிறது. அங்கே போர்ப் பதக்கம். இங்கே 'நல்ல மனசு', 'குடும்பத்துக்காக உழைத்தவர்', 'அனாதைகளுக்கு உதவினார்'.

சான்றிதழ் கேட்காத ஓர் ஆவணம் நம்மிடம் இருக்கிறது. 2005இல் மகாராஷ்டிர அரசு பார்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. சுமார் 75,000 பெண்களின் பிழைப்பு போனதாகச் சொல்லப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு அந்தத் தடை இல்லை. பணக்காரன் பார்த்தால் கலை, டாக்சி டிரைவர் பார்த்தால் ஆபாசம். பெண்ணிய இயக்கங்களே அன்று இரண்டாகப் பிரிந்தன. ஆடிய பெண்களோ சங்கம் வைத்துத் தெருவுக்கு வந்தார்கள். 2006இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று அரசியல் சட்டத்தின் 19(1)(ஜி): தொழில் செய்யும் உரிமை. பிறகு மாநில அரசு வேறு சட்டங்களோடு வந்தது, 2019இல் அவற்றின் சில பிரிவுகளும் அடிபட்டன. எனக்கு இதில் முக்கியமானது அந்த ஒரு சொல். நீதிமன்றம்கூடச் சொல்லிவிட்டது. நம் விமர்சனம் இன்னும் சொல்லவில்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. 'சுரண்டலைத் தொழில் என்று பெயர் மாற்றினால் சுரண்டல் போய்விடுமா?' என்று தோழர்கள் கேட்பார்கள். போகாது. தீப்பெட்டி ஆபீஸ் வேலையைத் தொழில் என்கிறோம், சுரண்டல் இல்லை என்றா சொல்கிறோம்? தொழில் என்று ஒத்துக்கொண்டதால்தான் கூலி, நேரம், விபத்து, சங்கம் என்று பேச முடிந்தது. ஆட்டக்காரியிடம் மட்டும் நாம் விடுதலையையே முதல் கோரிக்கையாக வைக்கிறோம். அவளுக்கு வேண்டியது அட்வான்சும் வண்டியும். இன்னொரு வாதம் கனமானது. ஆடிப் பிழைக்கும்படி எந்தச் சாதிப் பெண்கள் தள்ளப்பட்டார்கள், யார் பார்க்க யார் ஆடினார்கள் என்ற கேள்வி அது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வருவதற்குப் பின்னால் அந்தச் சமூகங்களின் பெண்களே நடத்திய போராட்டம் இருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை ஓரம் கட்டிவிட்டு இதைப் பேச முடியாது. ஆனால் அதே காலத்தில் என்ன நடந்தது? ஆட்டம் அந்தப் பெண்களிடமிருந்து கழற்றப்பட்டு, சுத்தம் செய்யப்பட்டு, பரதநாட்டியமாகி மேல்சாதி வீட்டுப் பெண்களுக்குப் போனது. ஆட்டம் மேலே போயிற்று. ஆடியவர்களுக்கு மிஞ்சியது சினிமாவும் ரிக்கார்டு டான்ஸும். இழிவை ஒழிப்பது வேறு, இழிவு செய்யப்பட்டவரின் கையிலிருந்த வேலையைப் பிடுங்குவது வேறு. முன்னதற்காக ராமாமிர்தம் அம்மையார் போராடினார். பின்னதைச் செய்தவர்கள் வேறு ஆட்கள்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? ரிக்கார்டு டான்ஸைப் புனிதப்படுத்தச் சொல்லவில்லை. 'எதிர்க்கலாச்சாரம்' என்று இன்னொரு மாலையைப் போட வேண்டாம். அந்த மாலையும் கனம்தான். தொழில் வரலாறு எழுதுவோம். எந்த மாசத்தில் வேலை, எந்த மாசத்தில் பட்டினி, ஏஜெண்டு எவ்வளவு எடுக்கிறான், ராத்திரி வேனில் திரும்பும்போது விபத்து நடந்தால் யார் பொறுப்பு, முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் என்ன சொல்லிச் சேர்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் கரகாட்டக்காரிக்கு இடம் உண்டு என்றால் இவர்களுக்கும் கேட்போம். கலை இரவு நடத்தும் தோழர்கள் மேடையில் பறையும் கூத்தும் கரகமும் ஏறுகின்றன. இந்தப் பெண்களில் ஒருவரை ஆட அழைக்கத் தயக்கம் இருந்தால் பேசவாவது அழைக்கலாம். அவர் கோட்பாடு பேச மாட்டார். கூட்டத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்று சொல்லிக் கொடுப்பார், அது நமக்குத் தெரியாத வித்தை.

ஜோதிலட்சுமி முந்நூறு படங்களுக்கு மேல் நடித்ததாகச் சொல்கிறார்கள். எண்ணிக்கை சரியா என்று பார்க்கவாவது ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். எந்தப் படம், எந்தப் பாட்டு, ஆட்டம் அமைத்தவர் யார், பின்னால் ஆடிய பெண்கள் யார் யார். டைட்டில் கார்டில் பெயர் வராத அந்தக் குழு நடனப் பெண்களில் சிலர் இன்னும் சென்னையில் இருக்கக்கூடும். அவர்களும் போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒரு டேப் ரிக்கார்டரோடு போனால் நல்லது.